முதலில் விடும் மீன்

மணப்பாட்டில் சித்தப்பாவை அடக்கம் செய்துவிட்டு, இரண்டு நாள் கழித்து ஜெசிந்தா வேலைக்குத் திரும்பியபோது தொட்டி அறை மீட்டரில் சைபர் காட்டியது. முதல் விஷம், சைபர். இரண்டாம் விஷம், சைபர். மீட்டருக்கு யாரோ சந்தனப் பொட்டு வேறு வைத்திருந்தார்கள்.

சந்தோஷப்பட வேண்டிய சங்கதிதான். நாற்பத்தோரு நாளாக அவள் தவம் கிடந்தது அந்த இரண்டு சைபருக்காகத்தான். ஆனால் அவளுக்குக் கணக்கு இடித்தது. ஊருக்குக் கிளம்பிய அன்று காலையில் இரண்டாம் விஷம் உச்சத்தில் நின்றது. இரண்டு நாளில் இறங்கிவிடுகிற சமாச்சாரம் இல்லை அது. போதாததற்குத் தொட்டியின் கண்ணாடி பளபளவென்று இருந்தது. அவள் விட்டுப் போனபோது அதில் பழுப்பாக ஒரு வழவழப்பு படர்ந்து, உள்ளே இருப்பதே தெரியாமல் இருந்தது.

தூத்துக்குடியில் கத்திரி என்றால் ஒரு காலத்தில் இருபத்தைந்து நாள் மோரைக் குடித்துக்கொண்டு வெயிலைத் திட்டினால் முடிந்தது. இப்போது அது தொண்ணூறு நாள். உடம்பில் ஊறும் வேர்வை காயாது. காயாத வேர்வையோடு மத்தியானம் நாலு மணி நேரம் வெளியில் நின்றால் வாட்டசாட்டமான ஆளும் விழுந்துவிடுவான். அதற்காகத்தான் குளிர்மனைகள் கட்டினார்கள். கத்திரி பிறக்கும் அன்று காற்றுப் புகாமல் கதவை அடைத்தால், முடிந்த பிறகுதான் திறப்பார்கள். உள்ளே அறுபது வீடு. வீடுகளுக்கு அடியில் கடல் தண்ணீர் நிரப்பிய ஒரு பெரிய தொட்டி. ஆட்கள் விடும் மூச்சும், குளித்துக் கழுவிய அழுக்கும் அதில் இறங்கும். தொட்டிக் கற்களில் குடியிருக்கும் கிருமியும் பாசியும் அதைத் தின்று செரித்து நல்ல காற்றை மேலே அனுப்பும். அந்தக் கூட்டம் போதாவிட்டால் விஷம்தான் மேலே வரும்.

ஒன்பதாம் குளிர்மனையின் தொட்டி எப்போது தயார் என்று சொல்வது ஜெசிந்தாவின் வேலை. முப்பது வருஷம் வண்ணமீன் கடை வைத்திருந்தவளை அரசாங்கம் கூப்பிட்டுக் குடியிருப்போடு வேலை கொடுத்தது அதற்காகத்தான். புதுத் தொட்டியில் மீனுக்கு என்ன நடக்குமோ அதுதான் இங்கே மனிதனுக்கும் நடக்கும்.

"எப்டி இருக்கு அக்கா?" என்று கேட்டுக்கொண்டே வந்தாள் பேச்சித்தாய். துப்புரவு வேலைக்காரி, இருபத்துநாலு வயது. இடுப்பில் பத்து மாதக் குழந்தை இசக்கி. "மூணு பேரு சேந்து ரெண்டு நாளா தேச்சோம்."

"எதத் தேச்ச?"

"சொவரு, கல்லு எல்லாத்தையும்தான். ஒரே வழவழன்னு கெடந்துச்சுலா. வெள்ளிக்கெழம மந்திரி தெறந்து வைக்க வாராராம், பளிச்சுனு இருக்கணும்னு சார் சொன்னாவ. பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேச்சு, பழைய தண்ணிய எறக்கிட்டு, புதுசா கடல் தண்ணி ஏத்தியாச்சு."

மந்திரி வருகிறார் என்றால் நம் ஊரில் மரத்துக்கே வெள்ளையடிப்பார்கள், தொட்டியை மட்டும் விட்டுவைப்பார்களா என்ன? பேச்சித்தாயின் விரல் நுனிகள் பவுடர் பட்டு வெந்து உரிந்திருந்தன. அவளைத் திட்ட ஜெசிந்தாவுக்கு வாய் வரவில்லை. அந்த வழவழப்புதான் தொட்டியின் உயிர் என்று அவளிடம் யார் சொன்னார்கள்? நாற்பத்தோரு நாளில் ஜெசிந்தாவும் சொல்லவில்லை.

பொறியாளர் நெல்லையப்பன் தன் அறையில் திறப்புவிழா அழைப்பிதழைத் திருத்திக்கொண்டிருந்தார். நல்ல மனிதர். யாரையும் நிற்க வைத்துப் பேச மாட்டார்.

"அது சைபர் இல்ல சார்" என்றாள் ஜெசிந்தா. "புதுத் தண்ணி. ஒண்ணுமே இல்லாததனால சைபர் காட்டுது."

"சைபர்ல என்ன ரெண்டு தினுசு இருக்கு ஜெசிந்தாம்மா?"

"இருக்கு சார். சமைச்சதெல்லாம் சாப்பிட்டு முடிச்ச சட்டியும் காலிதான். அடுப்புலயே ஏத்தாத சட்டியும் காலிதான். பாத்தா ஒண்ணுபோல இருக்கும்."

"எது எதுன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

"தீனி போட்டுப் பாக்கணும். செத்த இறால் நாலு உள்ள போட்டா விஷம் ஏறும். மறுநாள் காலையில சைபருக்கு வந்துட்டா தொட்டி தயார். அப்படியே நின்னுச்சுன்னா தின்ன ஆள் இல்லைன்னு அர்த்தம். முதல் விஷத்தத் தின்ன ஒரு கூட்டம், அது கழிக்கிற ரெண்டாவது விஷத்தத் தின்ன இன்னொரு கூட்டம். ரெண்டும் திரும்ப வளர நாப்பது நாளாவது ஆகும்."

"கத்திரிக்கு இன்னும் பத்தொம்பது நாள்தான் இருக்கு."

"தெரியும் சார்."

நெல்லையப்பன் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். கற்களைத் தேய்க்கச் சொன்னது தானே என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும்.

"கடையில அவசரம்னா என்ன செய்வீங்கன்னு ஒரு நாள் டீ குடிக்கும்போது சொன்னீங்களே."

சொல்லியிருந்தாள். சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தாள். விலை குறைந்த நீல மீன் ஒன்று உண்டு, விரல் நீளம், முரட்டு உயிர். வாடிக்கையாளருக்கு அவசரமென்றால் முதலில் அதில் மூன்றைப் புதுத் தொட்டியில் விடுவது கடைக்காரர்களின் வழக்கம். அவற்றின் கழிவைத் தின்று கிருமி வளரும். பிழைத்தால் லாபம், செத்தாலும் கிருமிக்குத் தீனி. தொட்டி பழகிய பிறகு விலையுயர்ந்த மீனை விடலாம்.

"இப்ப அந்த மீனு எங்க சார் கெடைக்கும்? கடல்லயே இல்லையே."

"மீன் காப்பகத்துல இருக்கு. அனுமதிக்கு மூணு மாசம். தயாராகாத தொட்டியில விட்டுச் செத்துப்போச்சுன்னா ஜெயிலு." அவர் அழைப்பிதழை மறுபடி கையில் எடுத்தார். "சரி, நீங்க போங்க. நான் பாத்துக்கிடுதேன்."

பொறுப்பு தன் தலையை விட்டு இறங்கியதில் ஜெசிந்தாவுக்குக் கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது. பின்னால் அதை நினைத்து அவள் வெட்கப்பட்டாள்.

மறுநாள் பேச்சித்தாய் கடலைமிட்டாய்ப் பொட்டலத்தோடு வந்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

"எங்களுக்கு உள்ள வீடு குடுத்துட்டாவ அக்கா. நான், கமலாக்கா, சண்முகத்தாய் மூணு குடும்பமும். முன்குடியேற்றமாம், வாடகையெல்லாம் ஒண்ணுமில்ல. வீடு ஒதுக்குன மத்தவங்கள இந்த வருசம் வேற எடத்துக்கு அனுப்பிட்டாவளாம், அடுத்த கத்திரிக்குத்தான் வருவாவளாம். இந்த வருசம் எங்க ராஜ்ஜியம்தான். எம்புள்ள இனிமே முகாம்ல ஈரச்சாக்குக்கு நடுவுல கெடக்க வேண்டாம்."

மூணு. கடலைமிட்டாய் ஜெசிந்தாவின் வாயில் கரையாமல் கிடந்தது. இந்தக் கணக்கு எங்கிருந்து வந்தது என்று அவள் யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

நெல்லையப்பனின் அறைக்கு இந்தத் தடவை அவள் கதவைத் தட்டாமல் போனாள்.

"அது மீனுக்குச் சொன்னது சார்."

அவர் மறைக்கவில்லை. "போன கத்திரியில, குளிர்மனை கெடைக்காதவங்கள வச்ச பள்ளிக்கூட முகாம்ல பதினோரு பேர் செத்தாங்க ஜெசிந்தாம்மா. இவங்க மூணு குடும்பமும் அங்கதான் இருந்தாங்க. இந்த வருஷமும் அங்கதான் இருப்பாங்க. இங்க உள்ள வச்சா எத்தன பேர் போவாங்கன்னு உங்களால சொல்ல முடியுமா?"

"முடியாது."

"அப்புறம்?"

"இருவது நாளுக்கு மேல ரெண்டாவது விஷம் ஏறும். அப்போ கதவு அடைச்சிருக்கும். தலைய வலிக்குதுன்னு சொன்னாக்கூடத் தெறக்க மாட்டீங்க."

"தெறந்தா சூடு ஏறித் தொட்டி செத்துரும்." அவர் குரல் களைத்துப் போயிருந்தது. "கையெழுத்துப் போட்டு ஒத்துக்கிட்டுத்தானே வாராங்க? மீனுக்குத்தான்மா அனுமதி வேணும். ஆளுக்கு வேண்டாம்."

அவர் கெட்டவர் என்றால் ஜெசிந்தாவுக்கு வசதியாக இருந்திருக்கும். அவர் கேட்ட கேள்விக்குப் பதில் இல்லை என்பதுதான் அவளை அரித்தது. பேச்சித்தாயிடம் போய், "தண்ணி இன்னும் பழகல, உள்ள போகாத" என்றாள். "சைபர் வந்துட்டுலா, நானே பாத்தேனே" என்றாள் அவள். மீட்டரில் சந்தனப் பொட்டு வைத்தது அவள்தான் என்று அப்போதுதான் தெரிந்தது. மூன்று குடும்பத்தை முதலில் விடும் யோசனை தன் வாயிலிருந்து பிறந்தது என்பதை மட்டும் ஜெசிந்தாவால் சொல்ல முடியவில்லை.

வியாழக்கிழமை சாயங்காலம் அவள் இறால் பண்ணைக்குப் போனாள். கழித்துப் போட்டு, வெயிலில் இரண்டு நாள் கிடந்து நொதித்த இறால் ஒரு கூடை வாங்கி வந்தாள். தொட்டி மூடியைத் திறந்து அவ்வளவையும் உள்ளே கொட்டினாள். பிடி வழுக்கியதில் கூடையும் உள்ளே விழுந்துவிட்டது. இரும்புக் கொக்கி போட்டு அதை எடுப்பதற்குள் நாற்றம் படியேறிவிட்டது.

வெள்ளிக்கிழமை காலை மந்திரி வந்தபோது வாசலில் வைத்திருந்த பெரிய பலகையில் முதல் விஷம் நாலு என்று சிவப்பாக எரிந்தது. யாரோ மைக்கில் "கடலே மூச்சாக" என்று வரவேற்புரையைத் தொடங்கினார்கள். காற்றுக்குழாய் வழியே இறால் நாற்றம் மேடைக்கு வந்தது. மந்திரி துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு நாடாவை வெட்டாமலே காரில் ஏறினார். அன்று சாயங்காலமே தொட்டி தயாரில்லை என்று கோப்பில் எழுதப்பட்டது. கத்திரி பிறக்கும் அன்று ஒன்பதாம் குளிர்மனையை ஆளில்லாமல் அடைத்துவிடுவது என்று முடிவாயிற்று. இறாலைக் கொட்டியதற்கு ஜெசிந்தாவுக்கு வேலை நீக்கம். வேலையோடு குடியிருப்பும் போயிற்று.

ஆக, கத்திரி பிறந்தபோது அவளும் அதே பள்ளிக்கூட முகாமில்தான் பாய் விரித்தாள். சன்னலுக்குச் சன்னல் ஈரச் சாக்கு. வகுப்புக்கு நாற்பது பேர். நாளுக்கு இரண்டு தடவை ஐஸ் லாரி. பேச்சித்தாய் எதிர் வகுப்பில் இருந்தாள். அவள் ஒரே ஒரு தடவைதான் பேசினாள்.

"ஒரு வீடு கெடச்சுது. அதையும் கெடுத்துட்டீங்க. உங்களுக்கு நான் என்ன கேடு செஞ்சேன்?"

அதற்குப் பிறகு தண்ணீர் வரிசையில்கூட முகத்தைத் திருப்பிக்கொண்டாள். குழந்தை மட்டும் விவரம் தெரியாமல் ஜெசிந்தாவைப் பார்த்துச் சிரித்தது.

வேலையிலிருந்து நீக்கியவர்கள் மீட்டரின் பட்டியலிலிருந்து அவள் பெயரை நீக்க மறந்திருந்தார்கள். தினமும் காலையில் தொட்டியின் எண்கள் அவள் போனுக்கு வந்தன. அடைத்துக் கிடந்த கட்டடத்தில், இருட்டில், இறால் கரைந்துகொண்டிருந்தது. முதல் விஷம் மெல்ல இறங்கியது, இரண்டாம் விஷம் ஏறியது. கத்திரியின் பன்னிரண்டாம் நாள் அது எட்டைத் தொட்டது. தொட்டிக்கு மேலே யாராவது படுத்திருந்தால் எழுந்திருக்க மாட்டார்கள்.

ஜெசிந்தா போனை எடுத்துக்கொண்டு எதிர் வகுப்புக்குப் போனாள். எண்ணைக் காட்டினாள். கூடவே, கடையில் மூன்று நீல மீன் விடும் வழக்கத்தையும், அதை யாரிடம் சிரித்துக்கொண்டு சொன்னாள் என்பதையும் சொன்னாள். சொல்லி முடித்தபோது முகத்தில் வழிவது வேர்வையா கண்ணீரா என்று அவளுக்கே தெரியவில்லை.

பேச்சித்தாய் போனைக் கையில் வாங்கிப் பார்த்தாள். "அந்த மீனு நாங்கதானா?"

"ஆமா பேச்சி."

"உள்ள இருந்திருந்தா இன்னைக்குப் போயிருப்போம்." அவள் குழந்தையின் நெற்றியில் ஈரத்துணியை மாற்றிப் போட்டாள். "வெளிய இருந்ததுல நேத்து கமலாக்காவோட மாமியா போயிட்டாவ. இதுல எது நல்லதுன்னு எனக்குச் சொல்லுங்க."

அன்றிலிருந்து பேச்சித்தாய் காலையில் வந்து, "இன்னைக்கு எவ்வளவு அக்கா?" என்று கேட்கத் தொடங்கினாள். எட்டு. எட்டு. ஏழு. குழந்தைக்கு வேர்க்குரு புண்ணாகி, பால் குடிப்பது குறைந்தது. ஐந்து. மூன்று.

இருபத்தைந்தாம் நாள் காலை இரண்டும் சைபர்.

"இது எந்தச் சைபரு?" என்று கேட்டாள் பேச்சித்தாய்.

"சாப்பிட்டு முடிச்ச சட்டி. ஆனா அதுவே இப்ப வில்லங்கம். இறால் தீந்துபோச்சு. தீனி இல்லைன்னா நாலஞ்சு நாள்ல கூட்டம் பட்டினியில சாகும். அப்புறம் திரும்பவும் முதல்லேருந்துதான்."

"தீனின்னா?"

"நாமதான். நம்ம மூச்சும் அழுக்கும். ஒரு கூடை இறால்ல வளந்த கூட்டம் நாலஞ்சு பேரத்தான் தாங்கும். வாரத்துக்கு நாலு பேரா ஏத்தணும். ஒரே நாள்ல எல்லா மீனையும் விட்டா எல்லாம் போயிரும்."

ஜெசிந்தா நெல்லையப்பனுக்குப் போன் செய்தாள். அவர் முழுவதும் கேட்டார். அடைத்த குளிர்மனையைத் திறக்க மேலிடத்து உத்தரவு வேண்டும், உத்தரவு வர எப்படியும் ஒரு மாதம் ஆகும் என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். மறுநாள் விடிகாலை ஐந்து மணிக்கு, வெயில் ஏறுமுன், முகாம் வாசலில் அவருடைய ஸ்கூட்டர் வந்து நின்றது. ஒரு உறையை நீட்டினார். உள்ளே சாவி.

"தொலைஞ்சு போச்சுன்னு எழுதிக் குடுத்திருக்கேன்" என்றார். கிளம்பும் முன், "மொதல்ல யார உள்ள விடப் போறீங்க?" என்று கேட்டார்.

"என்னைத்தான்."

அவர் தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார்.

ஜெசிந்தா தனியாக உள்ளே போனாள். சூடு ஏறிவிடாதபடி ஆள் நுழையும் அளவுக்கு மட்டும் கதவைத் திறந்து, அரை நிமிஷத்தில் அடைத்தாள். அறுபது வீடும் காலி. குளிர்ச்சி முகத்தில் பட்டதும் தான் மட்டும் இதை அனுபவிப்பது திருட்டுப் போலக் குற்றமாக இருந்தது. கொண்டுபோன நாலு இறாலைத் தொட்டியில் போட்டாள். அன்று முழுக்க லேசாகத் தலை பாரமாக இருந்தாலும் விஷம்தானோ என்று எழுந்து போய் மீட்டரைப் பார்த்தாள். கண் அயரப் பயம். மறுநாள் காலை சைபர். கண்ணாடியில் பழுப்பு வழவழப்பு திரும்பி வந்திருந்தது. அதைத் தொட்டு விரலை முகர்ந்தாள். கடல் வாசனை. ஆனாலும் அவளுக்கு நம்பிக்கை முழுசாக வரவில்லை. ஒரு ஆளைத் தாங்கிய தொட்டி ஐந்து பேரைத் தாங்கும் என்று எந்த மீட்டரும் சொல்லாது.

முகாமுக்குப் போன் செய்தாள். "நாளைக்குக் காலையில நாலு பேர் வரலாம் பேச்சி. ரொம்ப நலிஞ்சவங்களாப் பாத்து அனுப்பு. நீயும் புள்ளையும் கட்டாயம் வாங்க."

மறுநாள் ஐந்து மணிக்கு அவள் கதவைத் திறந்தாள். வாசலில் பேச்சித்தாய், அவள் புருஷன் சுடலைமுத்து, அவனோடு துறைமுகத்தில் மூட்டை தூக்கும் இரண்டு பேர். நாலு பேரும் கல்லுப் போன்ற உடம்பு. குழந்தை இல்லை. பத்தடி பின்னால் சுடலைமுத்துவின் தங்கை நின்றாள். இசக்கி அவள் தோளில் துவண்டு கிடந்தது.

"நான் நலிஞ்சவங்களல்லா வரச் சொன்னேன்?"

"எல்லாரும் உக்காந்து பேசி முடிவு பண்ணிட்டோம் அக்கா" என்றாள் பேச்சித்தாய். "மொதல்ல முரட்டு மீனத்தான விடணும்? நாங்க ஒரு வாரம் கெடந்து பாக்கோம். தொட்டி தாங்குச்சுன்னா புள்ளையளும் வயசானவங்களும் அடுத்த வாரம் வரட்டும்."

"பேச்சி, எனக்கே நிச்சயமாத் தெரியாது."

"அதான் தெரியுமே. போன தடவ தெரியாம வர இருந்தோம். இப்பத் தெரிஞ்சு வாரோம்."

அவர்கள் உள்ளே வந்தார்கள். ஜெசிந்தா கதவை அடைத்தாள். கதவில் ஒரு முகம் அளவுக்குக் கண்ணாடி பதித்திருந்தது. சுடலைமுத்துவின் தங்கை அதன் அருகே வந்து குழந்தையைத் தூக்கிப் பிடித்தாள். இசக்கி உள்ளே இருந்த அம்மாவை அடையாளம் கண்டுகொண்டு கண்ணாடியில் உள்ளங்கையால் தட்டியது. சத்தம் உள்ளே கேட்கவில்லை.

பேச்சித்தாய் திரும்பிக்கொண்டாள். தொட்டி அறையின் படியில் உட்கார்ந்து, மீட்டரைப் பார்த்தபடி நெஞ்சு விம்ம மூச்சை இழுத்து விட்டாள்.

"இது சாப்பிடச் சாப்பிடத்தான வளரும் அக்கா?"

"ஆமா."

"அப்ப நல்லா இழுத்து விடுங்கண்ணே" என்றாள் அந்த மூட்டைத் தொழிலாளிகளிடம். மறுபடி இழுத்தாள், மறுபடி விட்டாள். வெளியே வெயில் ஏறிக்கொண்டிருந்தது. சைபராக இருந்த எண் மெல்ல அசைந்தது.